தொடும் கை யாருடையது? எல்லை கடந்த நச்சுக் கழிவும் அதைத் தடுக்க வந்த சட்டமும்



எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலும், அது கடைசியில் யார் தலையில் விடியும் என்று கேட்பது நம் மன்றத்தின் பழக்கம். இன்றைய நினைவுப் பேருரைக்கும் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம். பணக்கார நாடுகளின் தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட நச்சு, கப்பலேறி ஏழை நாடுகளின் கரைக்கு எப்படி வந்தது? அதைத் தடுக்க எழுந்த பன்னாட்டுச் சட்டம் எங்கே வென்றது, எங்கே தோற்றது?

இது சூழலியலாளர்களின் விவகாரம், நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு விதித்தவற்றை நாம் அறிவோம். ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். பிணத்தின் துணியை உடுத்த வேண்டும். உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும். இரும்பு நகை அணிய வேண்டும். இவற்றை இழிவுபடுத்தும் விதிகளாகவே வாசித்து வந்திருக்கிறோம். அது சரியான வாசிப்புதான். கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊருக்குள் பயன் முடிந்த பொருள் எந்தத் திசையில் நகர வேண்டும், யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதையும் அந்த விதிகள் வகுத்தன. ஊர் தூய்மையாக இருக்க ஊருக்கு வெளியே ஒரு சேரி வேண்டியிருந்தது.

இதை வைத்து உலக வரலாறு முழுவதையும் சாதி வரலாறாக்கிவிட நாம் முனையவில்லை. ஹைத்தியின் கறுப்பின மக்களுக்கு அடிமைமுறையின் வரலாறு உண்டு. நைஜீரிய மக்களுக்குக் காலனியாட்சியின் வரலாறு உண்டு. அவை நம் வரலாற்றின் நகல்கள் அல்ல. ஆனால் குப்பை போகும் வழியைப் பின்தொடர்ந்து போனால் அதிகாரத்தின் வரைபடம் தெரியும் என்பது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான அனுபவம்.

1. கழிவு ஏன் கப்பலேறியது

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் வேதித்தொழிலை மிக வேகமாகப் பெருக்கின. கழிவை ஆற்றில் விட்டார்கள், பள்ளத்தில் புதைத்தார்கள். 1978இல் நியூயார்க் மாநிலத்தின் லவ் கனால் குடியிருப்பு உலகச் செய்தியானது. பழைய வேதிக்கழிவுக் குழியின் மேல் வீடுகளும் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டிருந்தது தெரியவந்து, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆபத்தான கழிவைக் கையாள்வது பற்றி 1976இலேயே அங்கே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. லவ் கனாலுக்குப் பிறகு அதன் பிடி இறுகியது. எங்கள் ஊரில் கொட்டாதே என்ற குரல் எல்லாப் பக்கமும் எழுந்தது.

அந்தக் குரல் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்கவில்லை. வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், பி.சி.பி. என்னும் நஞ்சு கலந்த மண்ணைப் புதைக்க மாநில அரசு இடம் தேர்ந்தது. 1982இல் மக்கள் லாரிகளின் முன் படுத்து மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாரிகளோ நிற்கவில்லை. சுற்றுச்சூழல் நிறவெறி என்ற கருத்து அந்தப் போராட்டத்திலிருந்துதான் வலுப்பெற்றது. கழிவு நாட்டின் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே நாட்டுக்குள்ளிருந்த சேரியைத் தேடிப் போயிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அடுத்த படி கடல். பணக்கார நாடுகளில் ஒரு டன் ஆபத்தான கழிவை முறைப்படி ஒழிக்க நூறு டாலரிலிருந்து இரண்டாயிரம் டாலர் வரை ஆனது. ஆப்பிரிக்காவில் இரண்டரை டாலரிலிருந்து ஐம்பது டாலருக்குள் காரியம் முடியும் என்று தரகர்கள் பேரம் பேசினார்கள். கினி-பிசாவு என்ற சிறிய நாட்டின் முன் 60 கோடி டாலர் நீட்டப்பட்டது. ஓராண்டில் அந்த நாடு முழுவதும் ஈட்டியதைப் போலப் பல மடங்கு தொகை அது. கடன் கழுத்தை நெரித்த காலம். பேரத்தில் ஒரு பக்கம் பணம், மறுபக்கம் பசி. இதைத்தான் சந்தை என்றார்கள்.

2. பெயர் மாற்றிய கப்பல்

1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குப்பை எரியுலையின் சாம்பல், சுமார் 14,000 டன், 'கியான் சீ' என்ற கப்பலில் ஏற்றப்பட்டது. பஹாமாஸ் வாங்க மறுத்தது. டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், பனாமா, கினி-பிசாவு என்று ஒவ்வொரு கரையும் மறுத்தது. 1988 தொடக்கத்தில் கப்பல் ஹைத்தியின் கொனாயீவ் நகருக்கு அருகே வந்தது. காகிதத்தில் சாம்பல் உரமாகியிருந்தது. உரம் என்று சொல்லியே அனுமதி வாங்கி இறக்கத் தொடங்கினார்கள். அது என்னவென்று தெரிந்து, திரும்ப ஏற்றச் சொல்லி ஹைத்தி அரசு உத்தரவிடுவதற்குள் சுமார் 4,000 டன் கரையில் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கப்பல் இரவோடு இரவாகப் போய்விட்டது.

மீதிச் சாம்பலோடு அது உலகம் சுற்றியது. செனகல், மொராக்கோ, யூகோஸ்லாவியா, பிறகு நம் பக்கத்து இலங்கை, சிங்கப்பூர் வரை இடம் தேடியது. வழியில் 'ஃபெலிசியா' ஆனது, பிறகு 'பெலிகானோ' ஆனது. 1988 நவம்பரில் சிங்கப்பூரில் காணப்பட்டபோது கிடங்கு காலி. பத்தாயிரம் டன் சாம்பல் அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கொட்டப்பட்டிருந்தது. 1993இல் கப்பல் நிறுவனத்தின் நிர்வாகிகள் இருவர் அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டார்கள். எதற்காக? பொய்ச்சாட்சி சொன்னதற்காக. கொனாயீவ் மக்களுக்குச் செய்ததற்காக அல்ல. ஹைத்தியில் கிடந்த சாம்பலின் ஒரு பகுதி 2000இல் அள்ளப்பட்டு, 2002இல் அது புறப்பட்ட பென்சில்வேனியா மாநிலத்திலேயே புதைக்கப்பட்டது.

இந்தக் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது பெயர் மாற்றத்தை. சாம்பல் உரமானது. கப்பல் மூன்று பெயர் பூண்டது. கழிவு எல்லை தாண்ட வேண்டுமானால் முதலில் அது கழிவு என்ற பெயரை இழக்க வேண்டும். இதே தந்திரத்தை இனி ஒவ்வொரு கட்டத்திலும் பார்ப்போம்.

3. கோகோவும் மாணவர்களின் கடிதமும்

அதே 1988. நைஜீரியாவின் சிறு துறைமுகம் கோகோ. இத்தாலியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் அங்கே ஒருவருடைய வீட்டு நிலத்தில் அடுக்கப்பட்டிருந்தன. நிலத்துக்கு வாடகை மாதம் நூறு டாலர். பீப்பாய்களுக்குள் பி.சி.பி. உள்ளிட்ட நஞ்சுகள். வெயிலில் பீப்பாய்கள் உப்பி ஒழுகின.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள். அங்கே செய்தித்தாளில் படித்ததை அவர்கள் தாய்நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். நாடு கொதித்தது. நைஜீரியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. ஓர் இத்தாலியக் கப்பலைப் பிடித்து வைத்தது. நச்சுக் கழிவை இறக்குவோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் ஆணையை அதே ஆண்டில் பிறப்பித்தது. இத்தாலி பணிந்து பீப்பாய்களை 'கரின் பி', 'டீப் சீ கேரியர்' என்னும் கப்பல்களில் திரும்ப எடுத்துக்கொண்டது. 'கரின் பி' ஐரோப்பாவுக்குப் போனபோது ஸ்பெயின், பிரிட்டன், பிரான்ஸ் என ஒவ்வொரு நாடும் தன் துறைமுகத்தை மூடியது. கோகோவில் ஒரு வீட்டுக் கொல்லையில் வைக்கத் தகுந்ததாக இருந்த பொருள், ஐரோப்பாவின் எந்தத் துறைமுகத்திலும் நிறுத்தத் தகாததாகிவிட்டது.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1988 மே மாதமே, நச்சுக் கழிவைக் கொட்டுவது ஆப்பிரிக்காவுக்கும் அதன் மக்களுக்கும் எதிரான குற்றம் என்று தீர்மானம் போட்டிருந்தது. பன்னாட்டுச் சட்டத்தைப் பிரசவித்தது வல்லரசுகளின் நல்லெண்ணம் என்று பாடப்புத்தகங்கள் எழுதலாம். வாங்கிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் கோபமே அதைப் பிரசவித்தது.

4. பாசல்: சம்மதமா, தடையா

1989 மார்ச் 22 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஆபத்தான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 1992 மே 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை எளிது. அனுப்பும் நாடு என்ன கழிவு, எவ்வளவு, எங்கே போகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்கும் நாடு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதம் இல்லாமலோ பொய்ச் சம்மதத்தோடோ போனால் அது சட்டவிரோதக் கடத்தல். அனுப்பிய தரப்பின் குற்றமென்றால் முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும்.

இது சிறிய வெற்றி அல்ல. கழிவை அனுப்பியவனுக்கு அதன்மீது பொறுப்பு தொடர்கிறது என்று உலகச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஆப்பிரிக்க நாடுகள் பாசலில் மனம் நிறைந்து எழவில்லை. அவர்கள் கேட்டது தடை. கிடைத்ததோ அனுமதிச்சீட்டு முறை. அதனால் 1991 ஜனவரியில் மாலியின் தலைநகர் பமாகோவில் கூடித் தங்களுக்கென்று தனி உடன்படிக்கை எழுதினார்கள். ஆப்பிரிக்காவுக்குள் ஆபத்தான கழிவு இறக்குமதியே கூடாது, அணுக்கழிவு உட்பட, என்றது அது.

அதே 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதாரர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட உள்சுற்றுக் குறிப்பொன்று பின்னர் கசிந்தது. கூலி குறைவான நாட்டில் நச்சைக் கொட்டுவதற்கான பொருளாதாரத் தர்க்கம் பழுதற்றது என்பது அதன் சாரம். அங்கே மனிதர் நோயுற்றால் இழக்கும் வருமானம் குறைவுதானே என்பது கணக்கு. கிண்டலாக எழுதியது என்று பிறகு விளக்கம் வந்தது. கிண்டலோ இல்லையோ, சந்தை அந்தக் கணக்கில்தான் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. உயிருக்கு விலை வேறுவேறு என்ற கணக்கை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

வளரும் நாடுகள் விடவில்லை. 1995இல், வளர்ந்த நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்கு ஆபத்தான கழிவு போகவே கூடாது, மறுசுழற்சிக்கு என்றாலும் கூடாது என்ற தடைத் திருத்தம் நிறைவேறியது. மறுசுழற்சி என்ற சொல்லைச் சேர்த்தது முக்கியம். உரம் போய் நன்கொடை, நன்கொடை போய் மறுசுழற்சி என்று பெயர் மாறும் வழியை அடைக்கவே அது சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் 5 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அமெரிக்கா 1990இல் பாசலில் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. இந்தியா 1992இல் பாசலை ஏற்புறுதி செய்தது. தடைத் திருத்தத்தை ஏற்கவில்லை.

தடை தூங்கிய அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரம் சாட்சி. 2006இல் 'புரோபோ கோவாலா' கப்பல் தன் நச்சுக் கசடை ஆம்ஸ்டர்டாமில் இறக்கப் பார்த்தது. கன மீட்டருக்கு ஆயிரம் யூரோ வரை ஆகும் என்றதும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. ஆகஸ்டில் அபிஜானில் உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் கன மீட்டருக்கு முப்பத்தைந்து டாலர் அளவில் ஒப்புக்கொண்டார். ஐந்நூறு கன மீட்டருக்கும் மேற்பட்ட கசடு, அக்குவேதோ குப்பைமேடு உட்பட நகரின் பல இடங்களில் இரவில் கொட்டப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினார்கள். பதினைந்து பேர் இறந்ததாக அரசு சொன்னது. குப்பைமேட்டை ஒட்டி வாழ்பவர்களின் சம்மதத்தை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

5. கப்பலே கழிவானபோது

இனி இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டுக்கு வந்த பெருங்கழிவுகளில் ஒன்று கப்பலில் ஏறி வரவில்லை. கப்பலே கழிவாக வந்தது. 1983 முதல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உலகின் ஓய்வுபெற்ற கப்பல்கள் கரையேற்றி உடைக்கப்படுகின்றன. உடைப்பவர்கள் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்கண்ட் கிராமங்களிலிருந்து வந்த உழைப்பாளிகள். கப்பலின் வயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ், பி.சி.பி., எண்ணெய்க் கசடு. கேஸ் கட்டரும் வெறுங்கையும் அதற்கு எதிரே.

ஆபத்தான கழிவு இறக்குமதியை எதிர்த்து 1995இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. 2003 அக்டோபர் 14 தீர்ப்பு, கப்பலை உடைக்க அனுப்பும் முன் உரிமையாளரே நச்சு நீக்க வேண்டும் என்றது. மசகு எண்ணெய் என்ற பெயரில் மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் இறங்கிய 133 கண்டெய்னர் கழிவெண்ணெயை எரித்தழிக்க 2005இல் உத்தரவிட்டது. மறுபடியும் பெயர் மாற்றம், இம்முறை பிடிபட்டது.

2005 டிசம்பர் 31 அன்று பிரான்சின் விமானந்தாங்கிக் கப்பல் 'கிளமான்சோ' அலங் நோக்கிப் புறப்பட்டது. இரு நாடுகளிலும் எதிர்ப்பு. நம் உச்ச நீதிமன்றம் உள்ளே வராமல் நிறுத்தி வைத்தது. 2006 பிப்ரவரியில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் தலையிட, அதிபர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்தார். கடைசியில் அது பிரிட்டனில் உடைக்கப்பட்டது. இயக்கங்கள் கொண்டாடின. அதே 2006இல் 'புளூ லேடி' என்ற பழைய சொகுசுக் கப்பல் அலங்குக்கு வந்து சேர்ந்தது; அதற்குள்ளும் ஆயிரம் டன்னுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2007 செப்டம்பரில் அதை உடைக்க நீதிமன்றம் அனுமதித்தது. நாற்பத்தோராயிரம் டன் எஃகு கிடைக்கும், எழுநூறு பேருக்கு வேலை கிடைக்கும் என்பது காரணங்களுள் ஒன்று.

இந்த வேலை என்ற வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அந்த எழுநூறு பேருக்கு அந்தக் கூலி தேவைதான். மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கச் சொன்னபோதும் இதே வாதம்தான் வந்தது: நிறுத்திவிட்டால் அவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? கேட்டவர்கள் யாரும் அந்த வேலைக்கு வரத் தயாராக இருந்ததில்லை. வேலை வேண்டுமா, நுரையீரல் வேண்டுமா என்று ஒரு சாராரிடம் மட்டும் கேட்கும் நிலையை உண்டாக்கிவிட்டு, அவர்கள் சொல்லும் பதிலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதுதான் அநீதி.

6. கொடைக்கானலிலிருந்து திரும்பிய பாதரசம்

நம் தமிழகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் 1983இல் கொடைக்கானலுக்கு வந்தன. இங்கே கழிவு இறக்குமதியாகவில்லை. கழிவை உண்டாக்கும் தொழிலே இறக்குமதியானது. பாசல் உடன்படிக்கையில் இதற்குப் பத்தி கிடையாது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, வெப்பமானிகள் வெளிநாட்டுக்குப் போயின, நஞ்சு மட்டும் மலையில் தங்கியது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் 7.4 டன் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் இயக்கத்தினரும் அம்பலப்படுத்தினார்கள். அப்போது ஆலை இந்துஸ்தான் லீவர் கையில் இருந்தது. அது மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. எந்த நாட்டிலிருந்து தொழில் வந்ததோ அந்த நாட்டுக்கே கழிவு திரும்பியது. கியான் சீயின் சாம்பல் ஹைத்தியிலிருந்து போய்ச் சேர்ந்த அதே மாநிலத்துக்கு, மறு ஆண்டே.

இது நடந்தது படிவம் கேட்டதால் அல்ல. பழைய இரும்புக் கடையின் குவியலைப் போய்ப் பார்த்தவர்களாலும், பேசத் துணிந்த முன்னாள் தொழிலாளர்களாலும் நடந்தது. ஆனால் உடம்புக்குள் போன பாதரசத்தைத் திருப்பி அனுப்பக் கப்பல் இல்லை. 591 முன்னாள் தொழிலாளர்களோடு 2016இல்தான் உடன்பாடு வந்தது. மலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது, அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டு அளவுகோல் இங்கே ஏன் செல்லாது என்ற சண்டை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

திரும்பிப் போகாத கழிவும் உண்டு. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மிஞ்சிய நச்சுக் கழிவை ஜெர்மனியில் எரிக்க 2012இல் பேச்சு நடந்தது. அங்கே எதிர்ப்பு எழுந்து அது கைவிடப்பட்டது. 2025 ஜனவரியில் அந்தக் கழிவு, சுமார் 337 டன், அதே மாநிலத்தின் பீதம்பூருக்கு லாரிகளில் போனது, அங்கேயே எரிக்கப்பட்டது. பீதம்பூர் மக்களும் எதிர்த்தார்கள். எந்த ஊரின் எதிர்ப்பு பலிக்கிறது, எந்த ஊரின் எதிர்ப்பு பலிப்பதில்லை என்பதை இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

7. நாம் கேட்க வேண்டியவை

பாசல் வீண் என்று சொல்ல இந்த வரலாற்றைச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கழிவுக்கு 2021 முதலும், மின்னணுக் கழிவுக்கு 2025 முதலும் அதன் கட்டுப்பாடு விரிந்திருக்கிறது. பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த கண்டெய்னர்களை, உள்ளூர் அமைப்பு தொடுத்த வழக்கின் பேரில் இலங்கை நீதிமன்றம் திருப்பி அனுப்ப வைத்தது. சட்டம் ஒரு கருவி. அதைக் கையில் எடுத்தவர்கள் இருந்த இடத்தில் வேலை செய்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று பெயர்: உரம், எண்ணெய், மெத்தை, கப்பல், மறுசுழற்சி என்று எதையாவது சொல்லிக் கழிவு உள்ளே நுழைகிறது. மற்றொன்று சம்மதம்: அரசு சம்மதித்தால் போதும் என்கிறது சட்டம். தலைநகரில் முத்திரை குத்தும் கை வேறு, கரையில் பீப்பாயைத் திறக்கும் கை வேறு. அந்த இரண்டாவது கை யாருடையது, எந்த ஊர், எந்தச் சாதி, எந்த நிறம் என்று கேட்கும் பத்தி அனுப்பும் படிவத்தில் இல்லை.

அந்தப் பத்தியை நிரப்பும் வேலை நம்முடையது. துறைமுகம் உள்ள ஊர்களில் படிக்கும் மாணவர்கள், பழைய இரும்புக் கடைகளிலும் மின்னணுக் கழிவு பிரிக்கும் கொட்டகைகளிலும் யார் வேலை செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்து எழுதட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கட்டும். சுற்றுச்சூழல் இயக்கங்களோடு சேர்ந்து நிற்போம். சேர்ந்து நிற்கும்போதே, குப்பை நம் நாட்டுக்கு வரக் கூடாது என்ற முழக்கத்தோடு, நாட்டுக்குள் அது சேரிக்கு வரக் கூடாது என்பதையும் சேர்த்து முழங்குவோம். வெளிநாட்டுக் குப்பை கௌரவக் குறைவு என்று கொதிப்பவர்கள் உள்ளூர்க் குப்பைக் கிடங்கு எந்தக் குடியிருப்பை ஒட்டி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தாலியிலிருந்து எழுதிய அந்த மாணவர்களிடம் பதவி இல்லை, பணம் இல்லை. படித்த செய்தியைத் தம் மக்களுக்கு எழுதினார்கள். ஒரு நாடு தன் தூதரைத் திரும்ப அழைத்தது. பீப்பாய்கள் வந்த வழியே போயின. யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவாகவே இருக்கட்டும்: பார்ப்போம், எழுதுவோம், திருப்பி அனுப்புவோம்.

ஜெய் பீம்.